கணக்கு எடுத்த பொண்ணுங்க

கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகிற ரோட்டில், சவுக்குத் தோப்புக்கும் செங்கல் சூளைக்கும் நடுவே ஒரு மகளிர் கல்லூரி. அதன் ஆபீஸ் வாசலில் தனகோடி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பெண்சாதி வேண்டா. மகள் ஜெயப்பிரியா கொஞ்சம் தள்ளி, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு கிடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டுப் போகத்தான் மூன்று பேரும் ஆலந்தாங்கலிலிருந்து வந்திருந்தார்கள்.

துறைத் தலைவர் சங்கரி மேடம் அவர்களை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தனகோடிக்கு அது நல்லதாகப் படவில்லை. நல்ல சேதி சொல்கிறவர்கள் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம்.

"இந்த கோர்ஸ இந்த வருஷந்தான் புதுசா ஆரம்பிக்கிறோம்," என்றார் மேடம். "இருபது பேராவது சேர்ந்தாத்தான் வகுப்பு நடத்தணும்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. இதுவரைக்கும் ஒம்பது பேர்தான் வந்திருக்காங்க. அடுத்த வெள்ளிக்கிழமையோட அட்மிஷன் முடியுது."

"முடிஞ்சா இன்னா ஆவும் மேடம்?"

"சேர்ந்த பிள்ளைங்கள பி.காமுக்கோ வரலாறுக்கோ மாத்திடுவோம். வரலாறும் நல்ல பாடந்தாம்மா," என்று ஜெயப்பிரியாவைப் பார்த்தார்.

"நல்ல பாடந்தான் மேடம். எனக்கு இதுதான் வேணும்," என்றாள் ஜெயப்பிரியா. குரல் உடைந்தாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அவளுக்கு ஏன் இதுதான் வேண்டும் என்று அவள் வீட்டுக்குத் தெரியும். ஆலந்தாங்கலில் நாலு குடும்பத்துக் கொல்லை நிலத்துக்கும் ஒரே போர்வெல். மும்முனை கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. யார் முறை, யார் தண்ணீர் என்று வருஷா வருஷம் மண்வெட்டியைத் தூக்குகிற அளவுக்குச் சண்டை. பன்னிரண்டாவது படிக்கும்போது ஜெயப்பிரியா பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கரண்டு வந்த நேரத்தைப் போட்டால் மறுநாள் யார் முறை என்று சொல்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினாள். மோட்டார் கொட்டகையில் அதைத் தினமும் அச்சடித்து ஒட்டினாள். அந்தப் பருவம் முழுக்கச் சண்டை வரவில்லை. "மிசினு சொல்லிச்சுனா செரிதான்" என்று சண்டைக்காரர்களே சொல்லிவிட்டார்கள்.

"ஆளு கொண்டாந்தா நடத்துவீங்களா மேடம்?" என்று தனகோடி கேட்டார்.

"கொண்டாந்தா ஏன் நடத்த மாட்டோம்? ஆனா பன்னெண்டாவதுல கணக்கு படிச்சிருக்கணும். அது யுனிவர்சிட்டி ரூல். அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"கணக்கு எடுத்த பொண்ணுங்க. அவ்ளோதான?" தனகோடி எழுந்தார். "லோடு ஏத்தறதுதான் மேடம் என் தொழிலு. ஏத்திகினு வரேன்."

மேடம் சிரித்துவிட்டார். வேண்டாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கொட்டித் தீர்த்தாள். கேழ்வரகுக் கூழும் வறுத்த நெத்திலிக் கருவாடும் உரித்த சின்ன வெங்காயமுமாக மருமகள் பூங்கொடி எல்லோருக்கும் எடுத்து வைத்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பையன்.

"கவுருமெண்டு காலேஜில லிஸ்டு முடிஞ்சி போச்சி. மத்த எடத்துலயும் சீட்டு இல்ல. இங்கயும் இல்லன்னு ஆச்சின்னா என் தம்பிக்கு இன்னா பதிலு சொல்றது? கருங்குழிலேர்ந்து தெனம் போனு. மாப்ள கீறான், மாப்ள கீறான்னு," என்றாள் வேண்டா.

"உன் தம்பிக்கு வேற வேல இல்லியா?" என்றார் தனகோடி. "மாப்ள எங்கயும் ஓடிட மாட்டான். மொதல்ல கூழக் குடி."

"நான் பி.காம்ல சேர மாட்டேன் நைனா," என்றாள் ஜெயப்பிரியா.

"யார்றீ உன்ன சேர சொன்னது? உங்கப்பன் செத்தா பூட்டான்?" என்றார் தனகோடி.

பூங்கொடி கூழை ஊற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "கணக்குல எத்தினி மார்க்கு இருக்கணுமாம்?" என்று கேட்டாள்.

"பாஸானா போதும் அண்ணி," என்றாள் ஜெயப்பிரியா. அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பூங்கொடி அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். திருப்போரூர்க்காரி. அப்பன் திடீரென்று செத்துப்போன வருஷத்திலேயே, வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் குமார், ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸின் டிரைவர். விடியும் முன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பூங்கொடி அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். "மருமவ தங்கம்" என்று ஊரில் சொல்வதற்கு அதுவே காரணமாக இருந்தது.

மறுநாள் தர்பூசணிக் கடைசி அறுப்பு. ஆட்கள் வரிசையாக நின்று, காயைக் கைமாற்றிக் கைமாற்றி வண்டிக்குத் தூக்கிப் போட்டார்கள். வைக்கோல் மேல் காய் விழும்போது பானையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். அதை வைத்தே பழுத்ததா இல்லையா என்று வேண்டா சொல்லிவிடுவாள். தனகோடி தார்ப்பாயை இழுத்துக் கட்டி, குட்டியானை லோடு வண்டியைக் கிளப்பி, மாமல்லபுரம் பக்கம் விட்டார். ரோட்டோரக் கடைகளுக்குக் காய் இறக்க வேண்டும். காய் இறக்குகிற இடமெல்லாம் பெண்ணும் கேட்க வேண்டும்.

முதலில் நிறுத்தியது ஒரு கூட்டு ரோட்டு டீக்கடையில்.

"அண்ணாத்த, உங்கூர்ல பன்னெண்டாவது முடிச்சிட்டு வூட்ல குந்திகினு கீற பொண்ணு ஏதாச்சும் கீதா?"

டீ ஆற்றுகிறவர் கிளாஸை வைத்துவிட்டுத் தனகோடியை மேலும் கீழும் பார்த்தார். "கீது. எங்க பங்காளி பொண்ணே கீது. பையன் இன்னா பண்றான்?"

"எந்தப் பையன்?"

"இன்னாயா, மாப்ளப் பையன்தான்."

"மாப்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொண்ணு கணக்கு எடுத்துக்குதா, அத்த சொல்லு."

"குடும்பம் பண்றதுக்கு கணக்கு இன்னாத்துக்குய்யா? மீன் கொழம்பு வச்சா தெருவே மணக்கும்."

"கொழம்பு வேணாம் அண்ணாத்த. அல்ஜீப்ரா கீதா?"

பெஞ்சில் இருந்தவர்கள் டீயைத் துப்பிச் சிரித்தார்கள். தனகோடி விஷயத்தை முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது டீயும் ஆறிவிட்டது. அப்புறம் அதே பெஞ்சிலிருந்து ஒருவர் தன் அக்கா மகளைச் சொன்னார். கணக்கு எடுத்தவள். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வாங்குகிற பை விற்கும் கடையில் நிற்கிறாள். பெயர் வைஷாலி.

தனகோடி நேராக அந்தக் கடைக்குப் போனார். வைஷாலி ஒரு வெளிநாட்டுக்காரியிடம் தடுமாறாத இங்கிலீஷில் பேரம் பேசி அனுப்பிவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"எங்கூட்ல உடுவாங்களான்னு தெர்லயே மாமா."

"உங்கம்மா போன் நம்பரு குடு. மிச்சத்த எங்கூட்டம்மா பேசிக்கும்."

வேண்டா பேசினாள். இத்தனை நாளும் போனில் தம்பியோடு சண்டை போட்டுப் பழகியது அப்போது உதவியது. வைஷாலி சேர்ந்தாள். தன்னோடு படித்த இன்னொருத்தியையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் டீக்கடைப் பேச்சு தனகோடியின் வண்டியைவிட வேகமாக ஓடியது. அன்று சாயங்காலம் குமார் பைக்கை நிறுத்தின வேகத்தில் ஸ்டாண்டே வளைந்துவிடும் போலிருந்தது.

"நைனா! இன்னா வேல பண்ணிகினு கீற நீ? சிறுசேரில வண்டிய போட்டுட்டு நாஸ்தா துன்னுகினு கீறேன், ஒருத்தன் போன் பண்றான். உங்கப்பன் உனக்கு ரெண்டாந்தாரம் தேடறாராமே, கணக்கு தெரிஞ்ச பொண்ணுதான் வேணும்ன்றாராமேன்னு கேக்கறான்!"

அடுப்பங்கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து அந்த வீடு கேட்டதில்லை. குமாருக்குக் கோபம் பாதியில் நின்றுபோனது.

எல்லாம் சிரிப்பாகவே நடக்கவில்லை. புதுப்பட்டினம் பக்கம் ஒரு ஊரில் ஹரிப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். தனகோடி பேசி முடிப்பதற்குள், "நான் வரேன் மாமா, இருங்க," என்று உள்ளே ஓடி, நல்ல சுடிதார் மாற்றிக்கொண்டு, சர்டிபிகேட்டோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். காலேஜில் சங்கரி மேடம் அவள் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு மெதுவாக மேஜை மேல் வைத்தார்.

"நல்ல மார்க்கும்மா. ஆனா கணக்கு இல்லையே."

"எங்க இஸ்கூல்ல கணக்கு வாத்தியாரே இல்ல மேடம். டிரான்ஸ்பர்ல போனாரு, அப்பால யாரும் வரல. அந்த குரூப்பயே எடுத்துட்டாங்க. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

மேடம் மார்க் ஷீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பிப் போகிற வழியெல்லாம் ஹரிப்ரியா ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். தனகோடி ஒரு கரும்பு ஜூஸ் கடையில் நிறுத்தி வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு அவளே பேசினாள்.

"மாமா, எங்க தெருவுக்குப் பின்னால ரெண்டு பேரு கீறாங்க. ரெண்டு பேரும் வேற இஸ்கூலு. கணக்கு எடுத்தவளுங்க. நானே இட்டுகினு வரேன்."

சொன்னபடி இரண்டு பேரையும் இட்டுக்கொண்டு வந்தாள். அவர்கள் பெயர் எழுதி முடிக்கும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள்.

அணுபுரத்திலும் தனகோடிக்குத் தெரிந்த வீடு ஒன்று இருந்தது. அமிர்தவல்லி அம்மா வீடு. அவர் புருஷன் ராமானுஜத்துக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. திருநெல்வேலிக்காரர்கள். பழைய குவார்ட்டர்ஸிலிருந்து புதுசுக்கு மாறியபோது சாமான் ஏற்றியது தனகோடியின் வண்டிதான். மகள் சஹானா அப்போது புத்தகப் பெட்டியை யாரும் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு போனது அவருக்கு நினைவிருந்தது.

அமிர்தவல்லி அம்மா கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"இல்ல பாத்துக்கிடுங்க, சஹானாவுக்கு இந்த வருஷம் இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ்ல கொஞ்சம் கொறஞ்சிட்டு. திரும்ப ஒரு வருஷம் கோச்சிங் அனுப்புதோம். பெரிய காலேஜ்லதான் சேக்கணும்னு அவங்க அப்பாவுக்கு எண்ணம். நீங்க தப்பா நெனைக்காதீங்க."

"தப்பு இன்னாங்க இதுல? கேக்கறது என் வேல. மோரு நல்லா கீது," என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். உள்ளறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அவர் கிளம்பும்போது அது மூடிக்கொண்டது.

இப்படியாக வியாழக்கிழமை வந்தபோது பதினெட்டுப் பேர் ஆகியிருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் கேட்காத ஊர் இல்லை. கருங்குழி மைத்துனருக்குக்கூடப் போன் போட்டு, "மாப்ள தேடற நேரத்துல ரெண்டு கணக்கு பொண்ணு தேடுய்யா" என்று தனகோடி திட்டியிருந்தார். அன்று திருப்போரூருக்கு நெல் மூட்டை லோடு. மூட்டைகளை இறக்கிவிட்டு, கோயில் தெருவில் தேங்காய், கற்பூரம், அர்ச்சனைத் தட்டு விற்கிற அப்பாசாமியின் கடைக்குப் போனார். அப்பாசாமி, பூங்கொடியின் தாய்மாமன். கிருத்திகை கழிந்த மறுநாள். கூட்டம் இல்லாமல் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்மந்தி. கொயந்த எப்டி கீறான்?"

"ஜோரா கீறான். சம்மந்தி, நானும் பேஜாராயி வந்துகீறேன். உங்கூர்ல கணக்கு எடுத்துட்டு மேல படிக்காம கீற பொண்ணு ஒர்த்தியாச்சும் வேணும். காலேஜில சேக்க."

அப்பாசாமி சொம்பைக் கீழே வைத்தார். "இன்னா சம்மந்தி, வெளாடறியா? ஊரெல்லாம் சுத்திட்டு இங்க வந்து கேக்கற?"

"ஏன்?"

"உன் மருமவதான்யா. பூங்கொடி. எங்க இஸ்கூல்லயே கணக்குல அதுதான் நூத்துக்கு நூறு. கம்ப்யூட்டரு படிக்கறேன்னு மெட்ராசுல காலேஜில எடம் கூட வாங்கி வச்சிது. அப்ப பாத்து அதோட அப்பன், எங்க மச்சான், போய்ட்டாரு. நாங்கதான்… இன்னா சொல்றது, நாலு பேரு சொன்னாங்கன்னு கல்யாணத்த முடிச்சிட்டோம்."

தனகோடி கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு டீக்கடையாக நிறுத்திக் கேட்டவர், தன் வீட்டு அடுப்பங்கரையில் கேட்கவில்லை. அப்பாசாமி கொடுத்த சோடாவைக் கையில் வைத்திருந்தாரே தவிரக் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பூங்கொடி பின்பக்கத்தில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பையன் பக்கத்தில் செதிளை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தான். வேண்டாவும் ஜெயப்பிரியாவும் மோட்டார் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள்.

"யம்மா பூங்கொடி. கணக்குல நீ நூத்துக்கு நூறாமே?"

அவள் கை நின்றது. "எப்பயோ மாமா."

"எப்பயோ இன்னாமா எப்பயோ? ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல மாமா." குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள்.

ஜெயப்பிரியா அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி! நான் கணக்கு போட்டு போட்டு மண்டைய ஒடச்சிகினு இருந்தப்ப நீ பக்கத்துல வெங்காயம் உரிச்சிகினு இருந்தியே!"

"நீ ஒயுங்காதான் போட்டுகினு இருந்த," என்றாள் பூங்கொடி. "ஒரு தபா மட்டும் மைனஸ வுட்டுட்ட."

"படிக்கறியாம்மா?" என்றார் தனகோடி.

பூங்கொடி மீனைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையில் மீன் வாடை. துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "படிக்கறேன் மாமா," என்றாள்.

குமார் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இது இன்னா கூத்து? புள்ளய யாரு பாக்கறது? ரெண்டாந்தாரம்னு சிரிச்சானுங்க. இப்ப பொண்டாட்டிய காலேஜிக்கு அனுப்பறான்னு சிரிப்பானுங்க."

"சிரிக்கறவனுக்கு பல்லு சுளுக்கிக்கும். நீ சொல்லு, உனக்கு இன்னா?" என்றார் தனகோடி.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் கத்தற?"

குமார் சாவியை விரலில் சுற்றினான். பிறகு யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். "நைனா, தெனம் அம்பது பேர ஏத்திகினு போறேன். பாதிப் பேரு பொம்பளைங்க. எல்லாம் கம்ப்யூட்டரு படிச்சவங்க. காதுல ஒயர மாட்டிகினு ஏறுவாங்க, எறங்குவாங்க. ஆறு வருசமா ஓட்டறேன், ஒர்த்தியும் டிரைவரு மூஞ்சிய பாத்ததில்ல. நாளைக்கு இவளும் அப்டி ஒரு பஸ்ஸுல ஏறி…"

தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் பாப்பேன்," என்றாள் பூங்கொடி.

குமார் நிமிர்ந்தான்.

"மூணு வருசமா நீ வர்ற சத்தம் கேட்டு வாசலுக்கு வர்றேன். காலேஜி போனா கண்ணு பூடுமா?"

வேண்டா பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "டேய் குமாரு, நான் சொல்றத கேளு. எனக்கு முன்னால மூணு பொண்ணு. நாலாவதும் பொண்ணான்னு எங்கப்பன் எனக்கு வேண்டான்னு பேரு வச்சிட்டான். ரேசன் கார்டுல அதான், ஓட்டு லிஸ்டுல அதான். கூப்ட்டு கூப்ட்டு பயகிப் போச்சி, போவட்டும். ஆனா இந்த வூட்டுக்கு வந்த பொண்ண வேணான்னு யாராச்சும் சொன்னா நான் உட மாட்டேன். அது நீயா இருந்தாலும் செரி. புள்ளய நான் பாத்துக்கறேன். கொல்லைக்கி போனா இட்டுகினு போறேன். உன்ன வளத்தவதான நான்? நீ இன்னா கெட்டுப் பூட்டியா?"

குமார் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பூங்கொடியிடம், "டி.சி. எங்க கீது?" என்று கேட்டான்.

"திருப்போரூரு மாமா கடையில, பீரோவுல."

"காத்தால நான் போய் எடுத்துகினு நேரா காலேஜிக்கு வந்துடறேன். நீங்க போங்க," என்றான்.

வெள்ளிக்கிழமை காலேஜ் ஆபீஸில் பூங்கொடியின் மார்க் ஷீட்டைப் பார்த்த சங்கரி மேடம் எழுந்து நின்றுவிட்டார். "நூறா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு பூங்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாள் எங்கம்மா இருந்தே?" என்றார். பூங்கொடி சிரித்தாள். பின்னால் குமார், திருப்போரூர்ப் புழுதி படிந்த சட்டையோடு நின்றிருந்தான்.

ஆனாலும் இன்னும் ஒருத்தி வேண்டும். மதியம் தாண்டியது. வேண்டா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை வேப்பமரத்தடியில் எல்லோரும் சாப்பிட்டார்கள். வைஷாலி வந்திருந்தாள். ஹரிப்ரியாவும், தனக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே, வந்திருந்தாள். நிர்வாகத்து ஆள் ஒருவர் இரண்டு தடவை வெளியே வந்து கேட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"பூட்டிடலாமா மேடம்?"

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு சார்," என்றார் சங்கரி மேடம். அவர் சொன்ன விதத்தில் அந்த ஆள் மறுபடி கேட்கவில்லை.

நாலு மணிக்கு மேல் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அமிர்தவல்லி அம்மா இறங்கினார். பின்னாலேயே சஹானா, புத்தகப் பையோடு.

"அண்ணாச்சி," என்று தனகோடியிடம் வந்தார் அமிர்தவல்லி. வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும். மூக்கு சிவந்திருந்தது. "நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து இவ சரியா சாப்பிடல. நேத்து அவங்க அப்பாகிட்ட உக்காந்து சொல்லிட்டா. எனக்கு ஒரு வருஷம் ரூமுக்குள்ள பூட்டிக் கெடந்து திரும்ப அதே பரீட்சைய எழுத வேண்டாம், எனக்குப் படிக்கணும், அவ்வளவுதான்னு. நாங்கதான் காலேஜு பேரப் பாத்தோம். அவ பாடத்தப் பாத்திருக்கா. இன்னும் இடம் இருக்கா?"

"ஒரே ஒரு எடம்மா!" என்று தனகோடி கத்திய கத்தலில் மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன. "உனக்காகத்தான் தொறந்து வச்சிகீறாங்க, வா தாயி!"

சஹானாவின் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் இன்னொரு சத்தம். வேண்டாவின் தம்பி, கருங்குழியிலிருந்து, வாடகைக் காரில். கூடவே இரண்டு பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள். "மச்சான், நீ போன்ல திட்டனது தாங்கல. ரெண்டும் கணக்கு. சான்றிதழு பாத்துட்டுதான் ஏத்தனேன்," என்றார்.

இருபத்திரண்டு. சங்கரி மேடம் நிர்வாகத்து ஆளிடம் போய், "சார், நாற்காலி ரெண்டு எக்ஸ்ட்ரா போடணும்," என்றார். ஜெயப்பிரியா பூங்கொடியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். வேண்டா தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அது பாராட்டு என்று அவருக்குப் புரிந்தது.

ஹரிப்ரியா மேடத்திடம் போனாள். "மேடம், திறந்தநிலைப் பள்ளில கணக்கு மட்டும் தனியா எழுதலாமாமே?"

"எழுதலாம்மா. பாஸாயிட்டு வந்தா சேத்துக்குவேன்."

"அப்ப அடுத்த வருசம் மொத பேரு என்னுது. எழுதி வச்சிக்குங்க," என்றாள். மேடம் அவள் கண் முன்னாலேயே எழுதினார்.

வகுப்பு தொடங்கின அன்று குமார் மதிய ஷிப்டு மாற்றி வாங்கியிருந்தான். ஆலந்தாங்கல் ஸ்டாப்பில் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். பஸ் என்றால் எல்லாமே தன் அப்பா ஓட்டுவது என்று நினைக்கிற பிள்ளை, கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகிற பஸ் வந்து நின்றதும் அப்பாவையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தது. பூங்கொடி ஏறுவதற்கு முன் பையன் கன்னத்தைக் கிள்ளினாள். அப்புறம் குமாரின் முகத்தை நேராக, நிதானமாக ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினாள். அவன் வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளே அவளுக்கும் ஜெயப்பிரியாவுக்கும் சஹானாவும் வைஷாலியும் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அடுத்த ஸ்டாப்பில் இரண்டு பேர் ஏறினார்கள். அதற்கடுத்ததில் மூன்று பேர். ஒவ்வொருத்தி ஏறும்போதும் பஸ்ஸுக்குள் ஒரு கூச்சல். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பின்பாதி பஸ் அவர்களுடையதாக இருந்தது.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா எறங்கணும்?"

ஜெயப்பிரியா வாயைத் திறப்பதற்குள் பூங்கொடி சொன்னாள். "காலேஜி."

"காலேஜுல நிக்காதும்மா. சூள ஸ்டாப்புல எறங்கி நடந்துக்குங்க."

பூங்கொடி எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில், "நிக்கும்," என்றாள். "எண்ணிக்குங்க. இத்தினி பேரும் அங்கதான் எறங்கறோம். இனிமே தெனமும் நிக்கும்."

கண்டக்டர் பின்னால் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிரித்துக்கொண்டே விசிலை வாயில் வைத்தார். சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். காலேஜ் கேட்டுக்கு நேர் எதிரே பஸ் நின்றது.